உத்தராயண மாப்பிள்ளை

"பட்டம் வேணும்" என்று நிகுஞ்ச் சொன்னதும் கடைக்காரர் பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். மளிகைக் கடைக்கு வந்து "சாமான் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறவனைப் பார்க்கும் பார்வை அது.

அகமதாபாத்தில், அதுவும் ராய்ப்பூர் தர்வாஜா பக்கத்தில், அதுவும் உத்தராயணப் பட்டத் திருவிழா வருகிற ஜனவரி மாதத்தில், பட்டம் வேணும் என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவன் "கழுகுல ரெண்டு கட்டு, நிலாவுல ஒரு கட்டு" என்று பெயர் சொல்லிக் கேட்டான். அவனுக்குப் பின்னால் நின்ற, பல்செட் கட்டிய அம்மாள் ஒரு பட்டத்தின் நடுக்குச்சியைத் தன் தலைமேல் வைத்து வில்லாக வளைத்துப் பார்த்துவிட்டு, "இது என் முதுகெலும்பைவிட மோசமா இருக்கே, வேற குடு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கடைக்காரர் நிகுஞ்சிடம் பொறுமையாகக் கேட்டார்.

"எதுக்கு வேணும்? விடறதுக்கா, சுவத்துல மாட்டறதுக்கா?"

நிகுஞ்சுக்கு முப்பத்தொரு வயது. பிறந்து வளர்ந்தது இதே ஊர். மீன்குஞ்சுக்கு யாரும் நீச்சல் கற்றுத் தருவதில்லை என்பார்கள். அந்தப் பழமொழியை நம்பி ஏமாந்த மீன்குஞ்சு இவன்.

பட்டம் விட இரண்டு பேர் வேண்டும். ஒருவன் விடுவான், இன்னொருவன் பின்னால் நின்று நூல் உருளையைப் பிடித்துக்கொள்வான். விடுகிறவனுக்குக் கைதட்டல். உருளை பிடிக்கிறவனுக்குத் திட்டு. நிகுஞ்ச் நாலு வயதிலிருந்து உருளை பிடித்தான். முதலில் அண்ணனுக்கு, பிறகு அண்ணனின் நண்பர்களுக்கு, அக்காள் கல்யாணத்துக்குப் பிறகு அத்திம்பேருக்கு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்த பிறகு மேனேஜருக்கு. அவன் பிடித்தால் நூல் சிக்காது, விடச் சொன்னால் விடும், சுற்றச் சொன்னால் சுற்றும். அதனாலேயே உருளையை அவன் கையிலிருந்து வாங்க யாருக்கும் மனசு வரவில்லை. "நீ ஒரு தடவை விட்டுப் பாரேன்" என்று யாராவது சொல்வார்கள் என்று அவன் பல வருஷம் காத்திருந்தான். பிறகு காத்திருந்ததும் மறந்துபோயிற்று.

இப்போது அது ஞாபகம் வந்ததற்குக் காரணம் பாருல்.

பாருல் பழைய ஊருக்குள் ஒரு சந்தில், மரச்சிற்பம் வைத்த முகப்பு வீட்டில் இருக்கிற பெண். வரனைக் கொண்டுவந்தவள் குஸும் அத்தை. பாருலின் போட்டோவை நிகுஞ்ச் பார்த்துவிட்டான். போனிலும் இருமுறை பேசிவிட்டான், அந்தப் பக்கம் யாரோ ஒட்டுக் கேட்கிற மூச்சுச் சத்தத்தோடு. இரண்டாம் முறை அவள், "நீங்க எப்பவுமே இவ்ளோ மெதுவாத்தான் பேசுவீங்களா, இல்ல எனக்காகவா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் இரண்டு பாலிசி பாரங்களில் வாரிசு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பாருல் என்று எழுதித் தந்துவிட்டான். வாடிக்கையாளர்களின் மனைவிமார் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா ரஸிக்பாய் சரி என்று சொன்னால் எல்லாம் சரி. அவரை அவன் இன்னும் பார்த்ததில்லை. அத்தைதான் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"அவர் மொதல்ல கேட்டதே பட்டத்தைப் பத்தித்தான்டா" என்றாள் அத்தை.

நிகுஞ்ச் அவசரமாகக் கேட்டான். "நீங்க என்ன சொன்னீங்க?"

"சொன்னதைக் கேட்டு மனுஷன் அப்படியே உருகிட்டார். 'இப்படி ஒரு பையனா, உத்தராயணத்தன்னிக்கே அனுப்புங்க'ன்னார். என்ன சொன்னேன்னு உனக்கெதுக்கு? நல்லதாத்தான் சொல்லியிருக்கேன். நீ போய் நில்லு, போதும்."

அத்தை நல்லதாகச் சொல்வது எப்படி என்று நிகுஞ்சுக்குத் தெரியும். போன வரனுக்கு அவள் அவனுடைய உயரத்தில் மூன்று அங்குலம் கூட்டிச் சொன்னாள். பெண் வீட்டார் வந்ததிலிருந்து போகும்வரை அவனை உட்காரவைத்தே வைத்திருந்தாள். வாசல்வரை வழியனுப்ப எழுந்தபோது கல்யாணம் நின்றுபோயிற்று. அதற்கு முந்தைய வரனிடம் அவனை மேனேஜர் ஆக்கியிருந்தாள். அந்தப் பெண்ணின் சித்தப்பா உண்மையான மேனேஜருக்கு நண்பராக இருந்து தொலைத்தார். அத்தை அவனைப் பற்றி வெளியே எதையாவது குறைத்துச் சொன்னதாக வரலாறு கிடையாது. ஆகவே ரஸிக்பாயிடம் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க நிகுஞ்சுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அகமதாபாத்தின் ஆகாயமே இவன் கையில்தான் என்று சொல்லியிருப்பாள். ஒரு மனிதர் அப்படியே உருகுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

இந்தத் தடவை பொய்யை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தான். உயரத்தைக் கூட்ட முடியாது. பதவியைக் கூட்ட மேனேஜர் விடமாட்டார். பட்டம் விடுவதையாவது கற்றுக்கொள்ளலாம். காகிதமும் மூங்கிலும் நூலும்தானே.

"விடறதுக்குத்தான்" என்றான் கடைக்காரரிடம், கழுத்தை நிமிர்த்தி.

"எத்தனை வயசுப் பிள்ளைக்கு?"

நிகுஞ்ச் கடையிலேயே பெரிதாக, ஆள் உயரத்துக்கு, ஜிகினா ஒட்டித் தொங்கிய ஒரு பட்டத்தைக் காட்டினான். கடைக்காரர் அது விளம்பரத்துக்குக் கட்டியது என்றார். அதுதான் வேண்டும் என்றான் இவன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, கூடவே சின்னப் பட்டங்களில் ஒரு கட்டும் தள்ளினார். நூல் வாங்க எதிர்ச்சாரிக்குப் போனான். அங்கே கம்பத்துக்குக் கம்பம் வெள்ளை நூலை இழுத்துக் கட்டி, கையில் கண்ணாடித்தூள் கலந்த ரோஜா நிற மாஞ்சாக் கூழை அப்பிக்கொண்டு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். எந்த நூல் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் விரலால் நீவிப் பார்த்தார்கள். அவனும் நீவினான். நல்ல நூல்தான் என்பது ரத்தம் வந்தபோது தெரிந்தது.

அடுத்தது பயிற்சி. குடியிருப்பின் மொட்டைமாடியில் ஜனவரியில் கால் வைக்க இடம் இருக்காது, எல்லாரும் பயிற்சியில் இருப்பார்கள். அத்தனை பேருக்கு முன்னால் ஒரு முப்பத்தொரு வயது அகமதாபாத்காரன் முதல் பட்டம் விடுவது, முப்பத்தொரு வயதில் புட்டிப்பால் குடிப்பதற்குச் சமம். ஆகவே அவன் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு, டேபிள் ஃபேனைக் காற்றாக வைத்துக்கொண்டு கற்றான்.

சூத்திரக் கயிறு கட்டுவதிலேயே ஒரு மாலை போயிற்று. பட்டத்தின் நடுக்குச்சியை ஒட்டி மேலும் கீழும் ஓட்டை போட்டுக் கட்டுகிற அந்தக் கயிறு ஓர் இழை மேலே ஏறினால் பட்டம் குப்புற விழும், ஓர் இழை இறங்கினால் மல்லாந்து படுக்கும். இதை அவன் போனில் பார்த்துப் படித்தான். படித்துவிட்டுப் பட்டத்தின் பின்பக்கத்தில் கட்டினான்.

ஃபேனைப் போட்டதும் பட்டம் எழும்பியது உண்மை. எழும்பிய பட்டம் நேராக மேலே சுற்றிக்கொண்டிருந்த சீலிங் ஃபேனுக்குள் போயிற்று. அதைக் காப்பாற்ற இழுத்த நூலை டேபிள் ஃபேன் உள்ளே வாங்கிக்கொண்டது. மாஞ்சா நூல் மோட்டாருக்குள் சுற்றிக்கொண்டால் என்ன வாசனை வரும் என்பது அந்த மாடியில் குடியிருந்த எல்லாருக்கும் தெரியவந்தது.

மறுநாள் விடிகாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் முயன்றான். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். பட்டமும் அவன் பின்னால் தரையோடு தரையாக, கோவில் திருவிழாவில் அப்பா கையைப் பிடித்த பிள்ளை போல வந்தது. கடைசியில் எப்படியோ எழும்பி வேப்ப மரத்தில் உட்கார்ந்தது. அடுத்ததும் அங்கேயே போயிற்று, துணைக்கு. வாட்ச்மேன் வந்து மரத்தையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார். இவன் முந்திக்கொண்டு, அக்காள் மகனுக்கு வாங்கினேன், சும்மா சோதித்துப் பார்த்தேன் என்றான்.

"அந்தத் தம்பி வந்ததுக்கப்புறம் அவனையே விடச் சொல்லுங்க சார்" என்றார் அவர். "இது பாவம், நிழல் தர்ற மரம்."

கற்க முடியாது என்று தெரிந்தபின் புத்திசாலி என்ன செய்வானோ அதை நிகுஞ்ச் செய்தான். தெரிந்தவன் மாதிரி உடுத்திக்கொள்ளத் தீர்மானித்தான். அவன் ஆபீசே அப்படித்தான் ஓடுகிறது. அகல விளிம்புத் தொப்பி, பாதி முகத்தை மறைக்கிற கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஊதல், நூல் அறுக்காமல் இருக்க விரல்களில் சுற்றுகிற வெள்ளை பிளாஸ்திரி. பத்து விரலிலும் சுற்றிக்கொண்டான். விடத் தெரிந்தவர்கள் இரண்டு விரலில்தான் சுற்றுவார்கள். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் பத்து விரல் அனுபவசாலி மாதிரித்தான் தெரிந்தது.

உத்தராயணத்தன்று காலையில் அத்தை கூட வரவில்லை. தெருவெங்கும் குறுக்கே நூல் தொங்குகிற அந்த நாளில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு போவார்கள். அத்தை தன் கழுத்து இன்னும் பல கல்யாணங்களுக்கு வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நிகுஞ்ச் ஆட்டோவில் போனான். ஜிகினாப் பட்டத்தின் ஒரு சிறகு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. பெண் வீட்டில் இருக்கும்போது போன் மணி அடித்தால் மரியாதையாக இருக்காது என்று வழியிலேயே போனை அணைத்து வைத்தான்.

சந்துக்குள் ஒரு ஈ காக்கை இல்லை. ஊர் மொத்தமும் கூரைமேல் இருந்தது. ரஸிக்பாய் வீட்டின் கீழ்க்கதவு சாத்தியிருந்தது. நிகுஞ்ச் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. உத்தராயணத்தன்று ஒரு வீட்டின் கீழ்க்கதவைத் தட்டுகிறவன் வெளியூர்க்காரனாக இருப்பான், அல்லது திருடனாக இருப்பான். பக்கவாட்டில் மாடிப்படி இருந்தது. தண்ணீர்க் கேனோடு இறங்கி வந்த ஒருவர் இவன் தொப்பியைப் பார்த்ததுமே, "மேல போங்க, எல்லாரும் மேலதான்" என்றார்.

மேலே முப்பது பேராவது இருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு அதிர்ந்தது. ஒரு மூலையில் பெரிய அண்டாவில் ஊந்தியு என்கிற காய்கறிக் கூட்டு கொதித்தது, பக்கத்தில் ஜிலேபி. நடுவில் பிரம்பு நாற்காலியில், கழுத்தில் கயிற்றுத் தடிமனுக்குச் சங்கிலியோடு, பெரிய மீசை வைத்த ஒருவர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை சேட், சேட் என்று கூப்பிட்டார்கள். பெண் வீடு வசதியானது என்று அத்தை சொல்லவில்லையே என்று நிகுஞ்ச் நினைத்தான். அத்தை வாயில் அடங்காத வசதி போலிருக்கிறது.

நேராகப் போய்க் காலைத் தொட்டான்.

"வா வா, இவ்ளோ லேட்டாவா வருவ?" என்று சேட் ஒரு கையால் ஆசீர்வாதம் செய்து, அதே கையால் ஒரு ஜிலேபியை அவன் வாயில் திணித்தார். சேட்டம்மா கடலை மிட்டாய்த் தட்டை நீட்டினாள். யாரும் அவனை யார் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் உத்தராயணத்தன்று மொட்டைமாடியில் ஏறிவிட்டவனிடம் அப்படிக் கேட்பது, பந்தியில் உட்கார்ந்தவனிடம் எந்த வீட்டு ஆள் என்று கேட்பது மாதிரி. கேட்காமலே தெரிந்துகொண்டார்களே என்று அவன் நெகிழ்ந்துபோனான்.

கூட்டத்தில் பாருல் இல்லை. அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது. கூப்பிடும்வரை பெண் கீழேயே இருக்கிறாள், ஒழுங்கான குடும்பம்.

எதிர் மாடியில் சிவப்பு பனியன் போட்ட ஒருவன் கறுப்புப் பட்டம் ஒன்றை விட்டுக்கொண்டிருந்தான். காலையிலிருந்து சேட்டின் பட்டங்களை அது வரிசையாக அறுத்துத் தள்ளியிருந்தது. ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் எதிர் மாடி ஸ்பீக்கரில் சேட்டின் மீசையைப் பற்றி ஒரு பாட்டு பாடினார்கள். சேட் நொந்துபோயிருந்தார்.

"அந்தக் கறுப்பை எவன் அறுக்கிறானோ, அவன் என்ன கேட்டாலும் தரேன்" என்று பொதுவாகச் சொன்னார்.

நிகுஞ்சுக்குப் புரிந்துவிட்டது. ஜனகர் வில்லை வைத்தார், இவர் பட்டத்தை வைக்கிறார்.

முதல் பட்டத்தை எடுத்தான். சேட்டின் ஆள் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு மாடியின் அந்தக் கோடிக்குப் போய்த் தூக்கிப் பிடித்து விட்டார். நிகுஞ்ச் இழுத்தான். பட்டம் இரண்டு குட்டிக்கரணம் அடித்து அந்த ஆள் நெற்றியிலேயே வந்து முட்டியது. அவர் சூத்திரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பக்கமா கட்டியிருக்கீங்களே" என்றார். பழைய முறை, எங்கள் பக்கத்தில் இப்படித்தான் என்றான் நிகுஞ்ச். எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். பாவ்நகர் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னான். அவர் பாவ்நகர்க்காரர்.

இரண்டாவது பட்டம் பாவ்நகர்க்காரர் கட்டிக்கொடுத்தது, எழும்பியது. எழும்பியது சரியாகப் போகவேண்டுமே என்று நிகுஞ்ச் ஒரு சுண்டு சுண்டினான். அது கழுகு கோழிக்குஞ்சைக் கண்டமாதிரி தலைகீழாகப் பாய்ந்து ஊந்தியு அண்டாவுக்குள் போயிற்று. சமையல்காரர் கரண்டியால் எடுத்து, எண்ணெய் வடியவிட்டு, ஓரமாக வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஊந்தியுவில் இன்றைக்கு ஏதோ புது மணம் என்று பாராட்டினார்கள்.

சின்னப் பட்டம் கைக்கு அடங்கவில்லை, பெரியதை எடுத்தால் கம்பீரமாக நிற்கும் என்று ஜிகினாப் பட்டத்தை எடுத்தான். நாலு பேர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அது ஒரு நொடி நின்றது. மொத்த மாடியும் வாயைப் பிளந்தது. அப்புறம் அது பக்கவாட்டில் சாய்ந்து, துணி காயப்போட்டிருந்த கொடியையும், சேட்டம்மாவின் துப்பட்டாவையும், கடைசியாக ஸ்பீக்கர் ஒயரையும் வாரிக்கொண்டு மாடிச் சுவரில் மோதி விழுந்தது. பாட்டு நின்றது. ஊர் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது இந்த மாடி மட்டும் துக்க வீடு மாதிரி ஆயிற்று.

எதிர் மாடியிலிருந்து ஒலிபெருக்கியில் குரல் வந்தது. "என்ன சேட், யாராவது போயிட்டாங்களா? எப்ப எடுக்கறீங்க?"

நிகுஞ்ச் பிளாஸ்திரி சுற்றிய பத்து விரலையும் பார்த்துக்கொண்டு நின்றான். பாருலின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அதை இனி வேறு யாரோ கேட்கப்போகிறான். அவனுக்கு நல்ல உயரம் இருக்கும், மேனேஜராக இருப்பான், பட்டமும் விடுவான். தொப்பியைக் கழற்றிவிட்டுப் படியிறங்கிவிடலாம் என்று நிகுஞ்ச் திரும்பினான்.

"டேய் தம்பி, தொப்பி. இங்க வா" என்று சேட் கூப்பிட்டார். அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. காலையிலிருந்து குடித்த கரும்புச்சாறு தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. "இதைப் பிடி. ஒண்ணும் பண்ணாத. சும்மா பிடி. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

நூலை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

முதல் தடவையாக ஒரு பறக்கிற பட்டம் நிகுஞ்சின் கையில் இருந்தது. இத்தனை வருஷம் உருளைக்கு வந்து சேர்ந்தது வெறும் நூல். இது வேறு. எங்கோ மேலே, கண்ணுக்குக் கட்டைவிரல் நகமாகத் தெரிகிற ஒரு காகிதம், கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல அவன் விரலை மெல்ல இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். ஆகாயம் நீலமாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பாருலையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த நேரத்தில் கறுப்புப் பட்டம் வந்து நூலில் விழுந்தது.

மாடி முழுக்க ஆளாளுக்குக் கத்தினார்கள். இழு என்றார் பாவ்நகர்க்காரர். இழுக்காதே என்றாள் சேட்டம்மா. சேட்டுக்கு உருளை பிடித்திருந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டார். இழுக்க நிகுஞ்சுக்குத் தெரியாது. ஆனால் இருபத்தேழு வருஷமாக முன்னால் நின்ற ஒவ்வொருவனும் திரும்பிப் பார்த்து அவனிடம் கத்திய வார்த்தை ஒன்றுதான். விடு, விடுடா, விடு. அந்த வார்த்தைக்குக் கை எப்படித் தளரவேண்டும், நூல் எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பது அவனுக்கு மூச்சு மாதிரி. அவன் விட்டான்.

நூல் விரல்களுக்கிடையே சரசரவென்று ஓடியது. பிளாஸ்திரி புகைந்தது. இரண்டு பட்டங்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு தூரமாகப் போயின, போயின, போய்க்கொண்டே இருந்தன. பிறகு ஒன்று மட்டும் தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளாடியது.

அது கறுப்பு.

"காப்யோ சே!" என்று மாடி வெடித்தது. அறுத்தாச்சு, அறுத்தாச்சு. யாரோ ஸ்பீக்கர் ஒயரைச் செருகினார்கள். நிகுஞ்சைத் தோளில் தூக்கினார்கள். அவன் ஊதலை ஊதினான். எதிர் மாடியைப் பார்த்து, அவன் வாழ்நாளில் பேசாத வார்த்தைகள் இரண்டைப் பேசினான். காற்று திரும்பி, அறுந்த கறுப்புப் பட்டமே மிதந்து வந்து இந்த மாடிச் சுவரில் விழுந்தது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்தார்கள், வேட்டைக்காரனுக்குப் புலித்தோல் மாதிரி.

சேட் பைஜாமா நாடாவை முடிந்துகொண்டே ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். கண்ணில் ஈரம்.

"கேளு. என்ன வேணும், கேளு."

நிகுஞ்ச் தலையைக் குனிந்துகொண்டான். "நான் என்னங்க கேக்கறது. நீங்களாப் பாத்துச் செஞ்சா சரி. குஸும் அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"எந்த அத்தை?"

"பாருல் விஷயமா."

"எந்த பாருல்?"

சேட் பின்வாங்கி அவனை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "டேய், இது யாரு? தீபக், உன் மச்சான்தானே?"

தீபக்குக்கு மச்சானே இல்லையாம். சேட்டம்மா, தங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன் என்று நினைத்தாளாம். பாவ்நகர்க்காரர், சமையல்காரரின் ஆள் என்று நினைத்தாராம். சமையல்காரர், அப்படியிருந்தால் அண்டாவில் பட்டம் விழுந்தபோதே கையை ஒடித்திருப்பேன் என்றார்.

நிகுஞ்ச் விஷயத்தைச் சொன்னான். சேட் சிரிக்க ஆரம்பித்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து சிரித்தார்.

"எனக்கு ரெண்டும் ஆம்பிளைப் பசங்கடா. நாங்க சேலைக்கடைக்காரங்க. வருஷா வருஷம் உத்தராயணத்துக்கு இந்த மாடியை வாடகைக்கு எடுக்கறோம். வீட்டுக்காரர் ரஸிக்பாய் கீழ இருக்கார். நல்ல மனுஷன், ஆனா வாடகையில ஒரு ரூபா கொறைக்க மாட்டார். கேட்டா, மருந்துச் செலவு நெறையா இருக்கும்பார்."

நிகுஞ்ச் கறுப்புப் பட்டத்தோடு மாடிச் சுவர்மேல் உட்கார்ந்தான். பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தான். நஷ்டம் என்ன? தாமதம் ஆயிற்று, அவ்வளவுதான். மாமனார் கீழே, அவர் கண்ணில் படாமலே குட்டிக்கரணங்கள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. இனி அவர் பார்க்கப்போவது வெற்றியை மட்டும். காலையில் வந்தவன் அத்தையின் பொய். இப்போது இறங்குகிறவன் அசல். முதல் தடவையாக அத்தையை அவன் காப்பாற்றப்போகிறான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றால் இதுதான்.

சேட்டும் அதைத்தான் சொன்னார். வேண்டுமென்றால் கூப்பிடு, மாடியே இறங்கி வந்து சாட்சி சொல்லும் என்றார். சேட்டம்மா அவன் தொப்பியை நேராக்கி, கன்னத்தில் ஒட்டியிருந்த மாஞ்சாவின் ரோஜாச் சாயத்தைத் துடைக்கப் போனாள். இருக்கட்டும் என்று தடுத்துவிட்டான். வீரனுக்கு அது திலகம்.

வலது கையில் கறுப்புப் பட்டம், இடது கையில் நூல் உருளை, கழுத்தில் ஊதல். படியிறங்கி, சாத்தியிருந்த கீழ்க்கதவை முழங்கையால் தட்டினான். உள்ளே இருப்பவர்களுக்கு இப்போதே தெரியட்டும் என்று ஊதலையும் ஒருமுறை ஊதினான்.

வேலைக்கார அம்மாள் ஒருத்தி கதவைப் பாதி திறந்தாள். அவள் தோளுக்கு மேலே கூடம் தெரிந்தது. வரிசையாக அட்டைப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு புறா, ஒவ்வொன்றுக்கும் மாஞ்சா அறுத்த சிறகில் கட்டு. நடுவில் ஒல்லியான ஒரு மனிதர் ஒரு குருவியை உள்ளங்கையில் வைத்து, அதன் அலகில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பாருல் பஞ்சும் கத்தரியும் வைத்துக்கொண்டு நின்றாள். மூடிவைத்த ஒரு பலகாரத் தட்டு இரண்டு காலி நாற்காலிகளுக்கு எதிரே இருந்தது.

அம்மாள் அவன் தொப்பியைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள், கையிலிருந்த கறுப்புப் பட்டத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"பட்டம் விடறவங்களுக்கெல்லாம் படி அந்தப் பக்கம் தம்பி, இங்க சத்தம் போடாதீங்க; பொறந்ததுலேர்ந்து ஒரு பட்டம்கூட விடாத பையன் ஒருத்தன் இந்த ஊர்ல இருக்கான்னு ஒரு அத்தையம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க, அவனுக்குத்தான் பொண்ணைக் குடுப்பேன்னு ஐயா காலையிலேர்ந்து சாப்பிடாம காத்துக்கிட்டு இருக்காரு."